தோளின் மேல் ஒரு துணி

துணி பேசாது, குடை பேசாது, காலிலே கிடக்கும் செருப்பும், இடுப்பிலே ஏறும் குடமும் பேசா. பருத்தி நூலுக்கும், பனை ஓலைக்கும், பதனிட்ட தோலுக்கும், சுட்ட மண்ணுக்கும் சொந்தக் கருத்து ஏது? ஆயினும், இவை ஒவ்வொன்றையும் மனிதன் பேச வைத்திருக்கிறான். "இவன் உயர்ந்தவன்" என்று ஒன்றைச் சொல்ல வைத்தான். "இவன் தாழ்ந்தவன்" என்று மற்றொன்றைச் சொல்ல வைத்தான். சொல்ல வைத்தவன் மறைந்து கொண்டான். "இது தொன்றுதொட்டு வரும் மரபு" என்ற திரை மட்டும் நம் கண்முன் தொங்குகிறது. அந்தத் திரையைச் சற்றே விலக்கிப் பார்ப்பதுதான் நம் நோக்கம்.

ஒருவன் தன் மேலாடையைக் களைகிறான். ஆற்றங்கரையில் களைந்தால், குளிக்கப் போகிறான் என்கிறோம். மருத்துவர் முன் களைந்தால், நோயாளி என்கிறோம். உச்சிவெயிலில் வயல் வரப்பிலே களைந்தால், உழைப்பாளி என்கிறோம். ஊர்ப் பெரிய வீட்டின் வாயிலில், பண்ணையார் வெளியே வரும் வேளையில், அதே துண்டைத் தோளிலிருந்து இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக் கொண்டால்? செயல் ஒன்று, கை ஒன்று, துணியும் ஒன்று. பொருளோ நான்கு! கடைசியாகச் சொன்ன பொருளுக்கு அடிமைத்தனம் என்று பெயர்.

ஆகவே, அடையாளத்தின் பொருள் அடையாளத்துக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. எந்த இடத்தில், எவர் முன்னிலையில், எவர் கட்டளைப்படி என்பவற்றை அறிந்த பிறகே அதன் பொருள் விளங்கும். இஃது எளிய உண்மை. ஆனால் இந்த எளிய உண்மையை மறைத்துத்தான் பல நூற்றாண்டுக் காலம் பல இலட்சம் மக்களை ஆட்டிப் படைத்தார்கள். சான்று வேண்டுவோர் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பழைய திருவிதாங்கூர் அரசின் தென்கோடிக்கு, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டத்துக்கு, வந்தால் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பனையேறி வாழ்ந்த சாணார் என்ற நாடார் மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைப் பாருங்கள். குடை பிடித்தல் கூடாது. செருப்பு அணிதல் கூடாது. பொன் நகை பூணுதல் கூடாது. ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டுதல் கூடாது. பசுவைக் கறத்தல் கூடாது. நம்பூதிரிப் பார்ப்பனரிடமிருந்து 36 காலடித் தொலைவில் நிற்க வேண்டும். பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலே வைத்துச் செல்லுதல் கூடாது. மேலுடம்பைத் துணியால் மறைத்தலும் கூடாது.

இடுப்பிலே குடம்! ஓவியன் அதை அழகு என்று தீட்டுவான். தண்ணீர் சுமக்கும் பெண்ணுக்கு அது வசதி. அந்நாட்டு ஆதிக்கக்காரனுக்கோ அது திமிர்! குடம் இடுப்பில் இருந்தால் அவள் ஒய்யாரமாக நடக்கிறாள் என்று பொருள், ஒய்யாரம் உயர்சாதிக்கு உரியது, ஆகவே தண்டனை. மண்குடம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்குக் கூட ஒரு சாத்திரம் இருந்த நாடு அது.

மேலாடைத் தடைக்கு வருவோம். "அந்நாட்டின் வெப்பத்துக்கு மேலாடை தேவைப்படவில்லை; அங்கே ஆடை அணியாமை இயற்கை" என்று சமாதானம் கூறுவோர் உளர். அவர்களைக் கேட்கிறோம்: இயற்கைக்குத் தடையுத்தரவு எதற்கு? வெயில் வேளையில் கம்பளி போர்த்தாதே என்று எந்த அரசும் ஆணையிட்டதில்லையே! எவரும் விரும்பாத ஒன்றைத் தடுக்க வேண்டிய தேவை இல்லை. தடை இருந்தது என்றால் விருப்பமும் இருந்தது என்பதே பொருள்.

உண்மை வேறு. மேலாடை நீக்குதல் அங்கே மரியாதையின் இலக்கணமாக ஆக்கப்பட்டிருந்தது. தெய்வத்தின் முன் நீக்கு. மன்னன் முன் நீக்கு. உனக்கு மேற்பட்டவன் எவன் எதிரே வந்தாலும் நீக்கு. நாயர் குலத்தினரும் நம்பூதிரி முன் அவ்வாறே நடந்தனர். ஏணியின் ஒவ்வொரு படியில் நின்றவனும் மேற்படியைப் பார்த்துத் தோளைத் திறந்தான். கீழ்ப்படியைப் பார்த்துத் தோளை மூடினான். ஏணியின் அடியில் நிறுத்தப்பட்டவருக்கு எதிரே வருவோர் எல்லோரும் மேற்படியினரே. ஆகவே அவர்களுக்கு மூடுவதற்கு வேளையே கிடையாது! எவர் முன்னும் திறந்தே இருக்க வேண்டும். வீதியெல்லாம் அவர்களுக்கு அரண்மனை வாயில். நாளெல்லாம் அவர்களுக்குக் கும்பிடும் நேரம்.

இந்தத் திறந்த தோளை நான்கு பேர் நான்கு விதமாகப் படித்தனர். வந்து போன வெள்ளையன் நாகரிகமின்மை என்று படித்தான். மதப் பிரசாரகன் பாவம் என்று படித்தான். ஆதிக்கக்காரன் பணிவு என்று படித்தான். அந்தப் பெண் மட்டுமே அதைச் சரியாகப் படித்தாள். அவமானம் என்று படித்தாள்.

கிறித்தவ மதத்தைத் தழுவிய நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்க முற்பட்டனர். ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ அதற்கு ஆதரவு காட்டினார். மேல்சாதியார் கூச்சல் எழுப்பினர். 1814ஆம் ஆண்டு அரசு ஒரு சமரசம் கண்டது: சிரியன் கிறித்தவப் பெண்களும் மாப்பிள்ளைப் பெண்களும் அணிவது போன்ற குப்பாயம் என்ற சட்டையை மதம் மாறிய பெண்கள் அணியலாம், ஆனால் நாயர் பெண்கள் போலத் தோளின் மேல் துணி இடுதல் கூடாது.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மானம் காப்பதுதான் சிக்கல் என்றால், அது குப்பாயத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தைத்த சட்டை, தைக்காத துணியை விட நன்றாகவே உடம்பை மறைக்கும். ஆனால் சிக்கல் தீரவில்லை! பெண்கள் குப்பாயம் அணிந்தனர். அதன் மேல், தடுக்கப்பட்ட அந்தத் தோள்சீலையையும் இட்டனர். ஏன்? குப்பாயம் உடம்பை மறைத்தது. தோள்சீலை சமத்துவத்தைச் சொன்னது. குப்பாயத்தைக் கண்டவன் "இவள் வேறு வகையினள்" என்றான். தோள்சீலையைக் கண்டவனோ "இவள் நம்மைப் போல் ஆகிவிட்டாள்" என்று பதறினான். பெண்கள் கேட்டது அதைத்தான். ஆதிக்கக்காரன் அஞ்சியதும் அதற்குத்தான். அடையாளத்தின் பொருளை இரு தரப்பினரும் சரியாகவே அறிந்திருந்தனர். அறியாதவர் போல் நடித்தது அரசு மட்டுமே.

1822ஆம் ஆண்டில் கல்குளம் பகுதியில் கலகம் மூண்டது. சந்தைக்குச் சென்ற பெண்களின் துணி பறிக்கப்பட்டது, கிழிக்கப்பட்டது. 1827 முதல் 1829 வரை மீண்டும் கொந்தளிப்பு. பள்ளிக்கூடங்களும் வழிபாட்டு இல்லங்களும் தீக்கிரையாயின. 1829ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. சாணார் பெண்கள் தோள்சீலை இடுவது முறையன்று, குப்பாயத்தோடு நிற்க வேண்டும் என்றது அது. அதே பிரகடனம் வேறொன்றையும் வலியுறுத்தியது. அரசுக்குச் செய்ய வேண்டிய ஊழியத்தை, அதாவது கூலியில்லா வேலையை, அவர்கள் முன்போலவே செய்து வர வேண்டும் என்றது.

ஒரே தாளில் இரண்டு கட்டளை! தோளிலே துணி கூடாது. தோளிலே சுமை வேண்டும்! துணி விவகாரத்தில் சுமை ஏன் வந்தது? அங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. தோள் திறந்திருக்கும் வரையில் அது சுமைக்கு உரிய தோள். மூடிவிட்டால், "நான் ஏன் கூலியின்றிச் சுமக்க வேண்டும்?" என்ற கேள்வி அந்தத் தோளுக்கு மேலே இருக்கும் தலையில் எழும். மரபு, ஆசாரம், வழக்கம் என்ற வார்த்தைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால், பெரும்பாலும் ஒரு கணக்குப் புத்தகம் கையில் தட்டுப்படும்.

1855ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சட்டம் ஒழித்த அடிமைத்தனத்தை அடையாளம் மட்டும் காப்பாற்றி வந்தது. 1858ஆம் ஆண்டு நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வெளிவந்தது. குடிமக்களின் சமய விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று அதில் வாக்களிக்கப்பட்டிருந்தது. "எங்கள் சமயம் எங்களுக்கு, இனி அஞ்ச வேண்டுவதில்லை" என்று படித்தனர் ஒடுக்கப்பட்டோர். "எங்கள் பழைய வழக்கத்தில் வெள்ளையன் தலையிட மாட்டான், இனி துணியைப் பறிக்கலாம்" என்று படித்தனர் ஆதிக்கக்காரர். ஒரே எழுத்து, இரண்டு வாசிப்பு! துணிக்கு மட்டுமல்ல, அச்சிட்ட வாசகத்துக்கும் நிற்கும் இடமே பொருள் தருகிறது.

1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் குமரிச் சீமையில் வீடுகள் கொளுத்தப்பட்டன, பெண்கள் தாக்கப்பட்டனர். சென்னை ஆளுநர் டிரெவிலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். திவான் மாதவராவ் காலத்தில், 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பிரகடனம் செய்தார். எல்லா மதத்துச் சாணார் பெண்களும் சட்டை அணியலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மறைத்துக் கொள்ளலாம். ஆனால், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணிதல் கூடாது!

அந்த "ஆனால்" இருக்கிறதே, அதிலேதான் அத்தனை வரலாறும் அடங்கியிருக்கிறது. உடம்பை மறைப்பதில் மன்னருக்கு மறுப்பில்லை; ஒன்று போல் தோன்றுவதில்தான் மறுப்பு. துணியின் அளவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. துணி சொல்லும் செய்தியைப் பற்றிக் கவலைப்பட்டார். அந்த "ஆனால்" எந்தச் சட்டத்தாலும் ஒரே நாளில் நீக்கப்படவில்லை. அணிந்து அணிந்தே அதை அழித்தார்கள், பெயர் எழுதப்படாத அந்தப் பெண்கள்.

இங்கே துணியை அணிவது விடுதலை என்று கண்டோம். அதே திருவிதாங்கூரில், அணிந்ததைக் கழற்றுவது விடுதலையான வரலாறும் உண்டு. புலையர் குலப் பெண்கள் கழுத்திலே கல்லும் பாசியும் கோத்த மாலைகளை அணிந்தனர். அயலூரான் கண்டால் ஆபரணம் என்பான்; அரும்பொருட்காட்சி வைப்பவன் கண்டால் கைவேலையின் சிறப்பு என்பான். ஆனால் அது அவர்கள் விரும்பிப் பூண்ட நகையன்று. வேறு நகை கூடாது என்று விதிக்கப்பட்டதால் கழுத்தில் ஏறிய முத்திரை. 1915ஆம் ஆண்டு கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுக் கலவரத்தைத் தொடர்ந்து, கொல்லத்தில் கூடிய மாபெரும் கூட்டத்தில், அய்யன்காளியின் அறைகூவலை ஏற்று அப்பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அறுந்து வீழ்ந்தவை வெறும் கற்கள்தாம். ஆயினும் அந்த அரங்கில் இருந்த எவருக்கும் அவை வெறும் கற்களாகத் தோன்றியிருக்க முடியாது.

அந்த அய்யன்காளி, 1893ஆம் ஆண்டு செய்தது என்ன? வெள்ளை வேட்டி உடுத்து, தலைப்பாகை கட்டி, வில்வண்டியிலே அமர்ந்து பொதுப் பாதையில் சென்றார்! அவ்வளவுதான். நாள்தோறும் நூறு வண்டிகள் சென்ற பாதை அது. நூற்றோராவது வண்டியில் அமர்ந்தவர் புலையர் என்பதால் அது கிளர்ச்சியாயிற்று. மாட்டுக்கும் தெரியாது, சக்கரத்துக்கும் தெரியாது, பார்த்து நின்ற ஆதிக்கக்காரனுக்கு மட்டும் தெரிந்தது, தன் உலகம் கவிழ்கிறதென்று.

"அது மலையாள நாட்டுக் கதை, தமிழ்ச் சீமையில் இல்லை" என்று எவரும் மார்தட்ட வேண்டா. 1930ஆம் ஆண்டு டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதித் திராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியார் விதித்த எட்டுத் தடைகளை, மக்கள் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது. ஆடவர் உடை முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் போகலாகாது. சட்டையும் பனியனும் கூடாது. முடி வெட்டிக் கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் வீட்டில் இருக்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் ஆகாது. குடையும் செருப்பும் ஆகாது! மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் சூறையாடப்பட்டன.

இந்தப் பட்டியலிலே தீயது எது? பனியன் தீயதா? பித்தளைப் பாத்திரம் தீயதா? மழைக்குக் குடை பிடிப்பது எந்தத் தெய்வத்துக்கு அடுக்காது? ஒன்றுமில்லை. சட்டை அணிந்தவனை "அடே" என்று அழைக்க நா சற்றே தயங்கும். அந்தத் தயக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தீ வைத்தார்கள்.

மற்றொரு காட்சியையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மதுரையில், காந்தியார் தம் சட்டையையும் நீண்ட வேட்டியையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். ஏழையோடு ஏழையாக நிற்கும் உறுதி என்று நாடு அதைப் படித்தது. சர்ச்சிலோ 1931ஆம் ஆண்டில் அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்தார். ஏளனம் செய்தவர் தோற்றார். ஆனால், அதே திறந்த மார்பு இராமநாதபுரத்துக் குடியானவனுக்குத் துறவு ஆகுமா? பாரிஸ்டர் உடையை ஒரு காலத்தில் அணிந்தவர், வேண்டும்போது மீண்டும் அணியக்கூடியவர், அணிய மாட்டேன் என்றார், அது துறவு. அணிய முயன்றால் குடிசை எரியும் என்ற நிலையில் இருப்பவன் அணியாதிருப்பது துறவன்று. துறக்கும் உரிமை, பெறும் உரிமை உள்ளவனுக்கே உண்டு.

இதை அறிந்தவர் அம்பேத்கர். 1927ஆம் ஆண்டு டிசம்பரில், மகாத் நகரில் மனுநூலைக் கொளுத்திய மாநாட்டின்போது, அவர் பெண்களைக் கூட்டி, தீண்டப்படாதவர் என்று காட்டிக் கொடுக்கும் வகையில் சேலை கட்டுவதையும் நகை பூணுவதையும் விட்டொழிக்குமாறு கேட்டுக் கொண்டார். அவர் தாமே அணிந்த கோட்டும் கழுத்துப் பட்டையும் ஆடம்பரம் என்று சிலர் முணுமுணுத்ததுண்டு. சட்டையே கூடாது என்று விதிக்கப்பட்ட மக்களின் தலைவர் தைத்த கோட்டோடு நிற்பதற்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்டதில்லை. சிலை வடிக்கும் எளிய மக்கள் கேட்டார்கள், கோட்டோடே வடித்தார்கள்.

இவ்வளவும் கூறிய பிறகு ஓர் எதிர்வாதம் வரும். "பொருள் சூழலைப் பொறுத்தது என்று நீங்களே கூறுகிறீர்கள். சூழல்தான் மாறிவிட்டதே! இன்று எவரும் அந்தப் பழைய பொருளில் இவற்றைச் செய்வதில்லை, பிறகென்ன குறை?" என்பர். நல்ல கேள்வி. விடை காண மூன்று வினாக்கள் போதும். இதை விதித்தவர் யார்? எல்லோர்க்கும் ஒன்று போல் விதிக்கப்பட்டதா? மறுத்தால் என்ன நேரும்? மறுப்பவனுக்கு ஒன்றும் நேராது என்றால், அது வெறும் வழக்கம், விட்டு விடுவோம். மறுப்பவன் அடிபடுவான், ஒதுக்கப்படுவான் என்றால், சூழல் மாறவில்லை; சாயம் மட்டுமே மாறியிருக்கிறது.

கேரளத்துக் கோயில்கள் பலவற்றில் ஆடவர் மேற்சட்டையைக் கழற்றினால்தான் உள்ளே செல்லலாம் என்ற விதி உண்டு. 2024ஆம் ஆண்டு இறுதியில் சிவகிரி மடத்தின் தலைவரே அந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்; முதலமைச்சர் பினராயி விஜயன் அதே மேடையில் அதை ஆதரித்தார். உடனே எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. கேள்வி எழுந்தவுடன் கொதிப்பும் எழுகிறதென்றால், அந்தத் துணி இன்னும் ஏதோ பேசிக் கொண்டுதான் இருக்கிறது.

நம் வீட்டுக்கு அருகே வருவோம். நம் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டிலே வண்ணக் கயிறுகள். அயல்நாட்டான் கண்டால் நட்பின் அடையாளம் என்பான். தாய் கண்டால் கோயில் கயிறு என்பாள். தென் மாவட்டத்துப் பள்ளி முற்றத்திலே நிற்பவனுக்கு மட்டும் தெரியும், எந்த வண்ணம் எந்தச் சாதி என்று! 2019ஆம் ஆண்டு இதனைத் தடுக்கப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ஆம் ஆண்டு ஜூனில் அளித்த அறிக்கையில், கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

தடை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கயிற்றை அறுத்தால் மட்டும் போதும் என்று எண்ணி விடாதீர்கள். கயிறு போனால் கைக்குட்டை வரும். கைக்குட்டை போனால் மிதிவண்டியின் வண்ணம் வரும். அதுவும் போனால் ஒரு பாட்டின் சீழ்க்கையே சாதி சொல்லும். கயிறு சாட்சி மட்டுமே. குற்றவாளி அதைப் பேச வைக்கும் சூழல். தெருவிலே சாதி, சுடுகாட்டிலே சாதி, திருமணத்திலே சாதி என்று வைத்துக் கொண்டு, மணிக்கட்டிலே மட்டும் சாதி கூடாது என்றால் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலே, ஆடையின் சமூக வரலாற்றைக் கூறும் பாடம் ஒன்றிருந்தது. தோள்சீலைப் போராட்டமும் அதில் இடம் பெற்றிருந்தது. பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி, 2019ஆம் ஆண்டு மத்தியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பாடத்தையே நீக்கி விட்டது. அந்தச் சுமை இறங்கியதால் பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்ததா என்பது ஐயமே! தோள்சீலையின் வரலாற்றை அறியாத பிள்ளை, தன் மணிக்கட்டுக் கயிற்றை வெறும் கயிறு என்றே எண்ணும். அதைக் கட்டிவிட்டவன் எண்ணுவது வேறு.

ஆகவே, இளைஞர்களே! பாடநூல் விட்டதை நீங்கள் படியுங்கள். படித்ததைத் தெருவிலே சொல்லுங்கள். எந்த அடையாளத்தைக் கண்டாலும் அம்மூன்று வினாக்களைக் கேட்கப் பழகுங்கள். விதித்தவர் யார் என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பர். மறுத்தால் என்ன நேரும் என்று கேட்டால் சிலர் முறைப்பர். முறைத்தாலும் கேளுங்கள். குமரிச் சந்தையிலே துணி கிழிக்கப்பட்ட பெண், மறுநாள் வேறொரு துணியைத் தோளிலே இட்டுக் கொண்டு அதே சந்தைக்குச் சென்றாள். அவளுக்குப் பின்னால் படையும் இல்லை, பத்திரிகையும் இல்லை. நமக்கு இரண்டில் ஒன்றேனும் இருக்கிறது.